வன்னியிலிருந்து ஒரு ஜேர்மன் வீட்டுக்கு: ஓ-பேர் ஆகப் போகும் பிள்ளைகளுக்கு

ஜேர்மனியில் முதல் நாள் இரவு நான் பட்டினி கிடந்தேன். வீட்டில் சாப்பாடு இல்லாமலில்லை. மேசையில் பாண், வெண்ணெய், பாற்கட்டி, வெட்டிய வெள்ளரிக்காய் எல்லாம் இருந்தன. அந்த வீட்டு அம்மா பாண் கூடையை என் பக்கம் நீட்டி, வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எங்கள் ஊரில் முதல் முறை கேட்கும்போது யார்தான் ஓம் என்று சொல்வார்கள்? இரண்டாம் முறை கேட்பார், மூன்றாம் முறை தட்டிலேயே வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கூடையை மறுபக்கம் தள்ளிவிட்டார். அது வெறும் தொடக்கம், சுடச்சுட இரவுச் சாப்பாடு பிறகு வரும் என்றும் ஒரு நினைப்பு. அதுவும் வரவில்லை. பல ஜேர்மன் வீடுகளில் அந்தக் குளிர்ந்த பாண்தான் இரவுச் சாப்பாடு.

கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை நான். எங்கள் வீட்டில் ஆள் வந்து தங்காத மாதமில்லை. 1995 கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் வளவிலேயே மாதக்கணக்கில் இருந்ததாம், நான் பிறக்க முன்னர். விருந்தாளியை எப்படி வைத்திருப்பது என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொருவர் வீட்டில் எப்படி இருப்பது என்பதைத்தான் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அதைப் பட்டுப் படித்தேன். இப்போது போக ஆயத்தமாகும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதால், பயணத்தின் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

ஓ-பேர் என்றால் என்ன, என்ன அல்ல

ஜேர்மன் குடும்பம் ஒன்றோடு அவர்கள் வீட்டிலேயே தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, சின்னச்சின்ன வீட்டுவேலைகளில் கைகொடுத்து, மொழியும் படிப்பது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் சரிசமம் என்று பொருள். வேலைக்காரியும் அல்ல, விருந்தாளியும் அல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓரிடம். எங்கள் ஊர் வழக்கில் அதற்குப் பெயர் இல்லாததுதான் பாதிச் சிக்கல்.

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், 27 ஆகியிருக்கக் கூடாது. ஆண்பிள்ளைகளும் போகலாம். ஜேர்மன் மொழியில் ஏ1 எனப்படும் தொடக்க அளவு தேவை. கிழமைக்கு ஆகக்கூடியது 30 மணித்தியாலம், ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம். இரவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பதும் அந்தக் கணக்குக்குள் வரும். கிழமையில் ஒன்றரை நாள் ஓய்வு, வருடத்துக்கு நான்கு கிழமை விடுமுறை. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ. சாப்பாடு, தனி அறை, காப்புறுதி எல்லாம் வீட்டாரின் பொறுப்பு. விமானச் சீட்டுப் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஒரு வருடத்துக்கு மேல் இருக்க முடியாது.

இங்கே ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜேர்மனியில் இருக்கும் மாமி வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ ஓ-பேர் ஆகப் போக முடியாது. உறவினர் வீடு சட்டப்படி ஒத்துவராது. சொந்தமில்லாத தமிழ்க் குடும்பமும் அப்படித்தான். வீட்டுக்குள் ஜேர்மன் பேசினாலும், அந்தத் தாய் தகப்பன் எந்த நாட்டிலிருந்து வந்தார்களோ அந்த நாட்டுப் பிள்ளையை அவர்கள் எடுக்க முடியாது. "எங்கட ஆக்களின்ர வீடுதான், பயமில்லை" என்று சொல்லிக் காசு கேட்கும் முகவர் யாராவது வந்தால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

280 யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்த்து வீட்டார் கண் விரிவார்கள். அது சம்பளமல்ல. அந்த ஊரில் பஸ், போன், ஒரு சோடி குளிர்ச்சப்பாத்து என்று போகும் காசு. இதற்காகக் காணியை ஈடு வைப்பதோ தாலிக்கொடியை அடகு வைப்பதோ வேண்டாம். வட்டிகூடக் கட்ட முடியாது. போகும் முன்னரே வீட்டில் எல்லாரையும் இருத்தி இதைச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லாமல் போனேன். மூன்றாம் மாதம் தம்பி மோட்டார்ச் சைக்கிள் கேட்டான்.

பெயரும் கடதாசியும்

முதல் வேலை மொழி. சோதனைக்குக் கொழும்பிலுள்ள கோதே நிறுவனத்துக்குப் போக வேண்டும். ஏ1 சோதனையைப் பாடமாக்கி எழுதிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: தூதரக நேர்காணலிலும் ஜேர்மனில் கேட்பார்கள். அதைவிட, நான்கு வயதுப் பிள்ளை அழுதுகொண்டு என்னவோ சொல்லும்போது பாடமாக்கிய வசனம் ஒன்றும் உதவாது.

கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லை வரை போகத் தேவையில்லை, வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. படத்தைக் குடிவரவுத் திணைக்களம் அனுமதித்த ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை நேரடியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களிடம் ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள்.

வன்னிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரில்தான். இடம்பெயர்வுகளில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்து, பிறகு பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்தவர்கள் பலர். காலங்கடந்து பதிந்தவர்களும், அனுமான வயதுச் சான்றிதழில் இருப்பவர்களும் உண்டு. பிறப்புப் பதிவு தமிழில் இருக்கும். ஆங்கில எழுத்தை அடையாள அட்டைக்கு ஒருவர் ஒரு மாதிரி நிரப்பியிருப்பார், சாதாரணதரப் பெறுபேற்றில் இன்னொரு மாதிரி இருக்கும். ஒன்றில் 'எச்' கூட, மற்றதில் இல்லை. கிராம சேவகர் கையெழுத்திட்ட கடிதத்தில் மூன்றாவது மாதிரி. இங்கே இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அங்கே மூன்று எழுத்துக்கூட்டல் என்றால் மூன்று ஆட்கள். எல்லாத் தாளையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து, கடவுச்சீட்டு எடுக்க முன்னரே திருத்துங்கள். வெளிநாட்டு அமைச்சின் அத்தாட்சி தேவைப்படும் தாள்களுக்கு யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே கொன்சியுலர் கிளை இருக்கிறது. ஏ9 வீதியில் வடக்கே ஒரு பஸ், வேலை முடிந்தது.

இன்னொன்று. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை, அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. ஜேர்மனியில் அதையே குடும்பப் பெயராக எடுப்பார்கள். தபாற்பெட்டியில், வங்கியில், வைத்தியரிடத்தில் எல்லாம் என்னை அப்பாவின் பெயரோடு "திருமதி" போட்டுக் கூப்பிட்டார்கள். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒருநாள் வைத்தியரின் காத்திருப்பு அறையில் அப்பாவின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டபோது, அப்பாதான் உள்ளே வரப்போகிறார் என்பதுபோல வாசலைப் பார்த்தேன். சரி, அது வேறு கதை. உங்கள் பெயரில் எது உங்களுடையது, எது அப்பாவுடையது என்று வீட்டாருக்கு முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

விசாவைக் கொழும்பிலுள்ள ஜேர்மன் தூதரகம் தருகிறது. கட்டணம் 75 யூரோவுக்குச் சமமான ரூபாய். ஒப்பந்தம், மொழிச் சான்றிதழ், தன்விபரக்கோவை, ஏன் போக விரும்புகிறேன் என்று நீங்களே எழுதிய கடிதம் ஆகியவை தேவை. அந்தக் கடிதத்தை ரியூசன் சேரிடமோ இணையத்திலிருந்தோ வாங்காதீர்கள். வாங்கிய கடிதம் வாசிக்கும்போதே தெரியும். மாட்டுப் பட்டியடியில் நின்று ஐந்து தம்பி தங்கையை வளர்த்தேன் என்று எழுதினால் அதுவே போதும்.

வீட்டாரைத் தேர்வது

அவர்கள் உங்களைத் தேர்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், நீங்களும் தேர்கிறீர்கள். காணொளி அழைப்பில் குறைந்தது மூன்று முறை பேசுங்கள். ஒரு முறையாவது பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரமாக இருக்கட்டும். கேட்க வெட்கப்படும் கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். என் அறைக்குப் பூட்டு உண்டா? மொழி வகுப்பு எத்தனை கிலோமீற்றர், பஸ் கடைசியாக எத்தனை மணிக்கு? முன்னர் இருந்த ஓ-பேருடன் பேசலாமா? கடைசிக் கேள்விக்கு முகம் மாறினால் விட்டுவிடுங்கள்.

காசு அனுப்பச் சொல்லும் குடும்பம் குடும்பமே அல்ல. விசாச் செலவு, வழக்கறிஞர் செலவு, காப்புறுதி என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது மோசடி. அழகான வீட்டுப் படமும், அளவுக்கு மிஞ்சிய கைச்செலவும், "உடனே வா" என்ற அவசரமும் சேர்ந்து வந்தால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

பெட்டிக்குள் என்ன

குளிருடுப்பைக் கொழும்பில் தேடி அலையாதீர்கள். இங்கே வாங்கும் ஜக்கெற் அங்கத்தைய ஐப்பசிக்கே காணாது. ஒரு தடித்த சுவெற்றர், கம்பளித் தொப்பி, மூடிய சப்பாத்து போதும். மிச்சத்தை அங்கே பழைய உடுப்புக் கடையில் மலிவாக எடுக்கலாம். தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகையிலேயே கட்டியாகிவிடும். வன்னியில் அதைக் கட்டியாகக் கண்டிருக்கவே மாட்டீர்கள். வாய் அகன்ற போத்தலில் கொண்டுபோனால் கரண்டியால் எடுக்கலாம். ஒடுங்கிய வாயென்றால் சூடேற்றியின் மேல் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சாப்பாட்டில்தான் அம்மாமார் பெட்டியை நிறைப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாற்பொருட்களும் கொண்டுபோக முடியாது. நெய், பால்மா, தயிர்ச் சட்டி எல்லாம் வீட்டிலேயே நிற்கட்டும். மாம்பழம், கறிவேப்பிலை, முருங்கைக்காய் போன்ற பச்சைப் பொருட்களுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் அனுமதிப்பது அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, டூரியன் ஆகிய ஐந்தை மட்டும்தான். தேன் இரண்டு கிலோ வரை போகலாம், வன்னித் தேன் ஒரு போத்தல் நல்ல அன்பளிப்பு. ஆனால் கைப்பையில் வைத்தால் நூறு மில்லிலீற்றர் விதியில் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டிக்குள் மூன்று பொலித்தீனில் சுற்றி வையுங்கள். கருவாட்டுக்கு உண்மையில் தடையில்லை, மீன் 20 கிலோ வரை அனுமதி. சட்டம் விட்டாலும் வீட்டாரின் மூக்கு விடாது. அதைப் பொரிக்க நினைப்பவர்கள் நான்கு மாதம் பொறுங்கள்.

வறுத்த மிளகாய்த்தூள் ஒரு கிலோ, பனங்கட்டி, புழுக்கொடியல், பிள்ளைகளுக்குப் பனையோலைக் கிலுக்கு. எனக்குக் கைகொடுத்தவை இவைதான். முறிகண்டிக் கச்சானும் கொண்டுபோனேன், ஆனால் அந்த வீட்டுச் சின்னவனுக்குக் கச்சான் ஒவ்வாமை. உணவு ஒவ்வாமை பற்றி முன்கூட்டியே கேளுங்கள்.

ஒப்பந்தப் பிரதி, வீட்டு முகவரி, இரண்டு தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருங்கள். போனை நம்ப வேண்டாம், போன் சார்ச் இறங்கிப்போகும். பவர் பாங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய பெட்டிக்குள் போட்டால் எடுத்துவிடுவார்கள்.

கட்டுநாயக்கா வரை

ஊர் வழக்கம் வான் பிடிப்பது. பதினான்கு பேர் ஏறி, முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்து, அழுதழுது போவது. எனக்கு அதில் குறையில்லை. ஆனால் அந்தச் செலவுக்கு அங்கே இரண்டு மாத பஸ் ரிக்கெற் எடுக்கலாம். தனியாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: இரவு பஸ்களில் சில புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் போகின்றன, சில குருநாகல் வழியாக. முதலாவது வழியில் போனால் கொழும்புவரை போகாமல் கட்டுநாயக்காவிலேயே இறங்கலாம். ஏறும்போதே கொண்டக்டரிடம் கேட்டு, இறக்கிவிடச் சொல்லி வையுங்கள். ரயிலில் போனால் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் பயணமென்றால் ஒரு நாள் முந்திப் புறப்படுங்கள். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பலாலியிலிருந்து சென்னை போய் அங்கிருந்து பறக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு தனித்தனிச் சீட்டாக எடுத்தால் சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் பயணத்துக்கு அந்த வழி வேண்டாம்.

பெரும்பாலும் டோகாவிலோ துபாயிலோ அபுதாபியிலோ மாற வேண்டியிருக்கும். ஒரே சீட்டென்றால் பெட்டி தானாகவே கடைசி இடம்வரை போகும், கட்டுநாயக்காவில் தரும் பெட்டித் துண்டில் கடைசி விமான நிலையத்தின் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாறும் இடத்தில் தூங்க ஆசை வந்தால் முதலில் அடுத்த விமானம் ஏறும் வாயில்வரை நடந்துபோய், அங்கே இருந்து தூங்குங்கள். வாயில் இலக்கம் கடைசி நேரத்திலும் மாறும். மரக்கறிச் சாப்பாடு வேண்டுமென்றால் சீட்டுப் பதியும்போதே சொல்லிவிட வேண்டும், விமானத்துக்குள் கேட்டால் கிடைக்காது.

ஜேர்மன் குடிவரவு அதிகாரி எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு, எவ்வளவு காலம் என்று கேட்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். தலையை அப்படியும் இப்படியும் ஆட்டும் எங்கள் பழக்கத்தை அங்கே யாருக்கும் விளங்காது. ஓமென்றால் "யா", இல்லையென்றால் "நைன்", வாயால் சொல்லுங்கள்.

வீட்டுக்குள்

பாண் கூடைக்குத் திரும்ப வருகிறேன். அங்கே ஒரு முறைதான் கேட்பார்கள். அது அன்பில்லாததால் அல்ல. நீங்கள் வேண்டாம் என்றால் உண்மையிலேயே வேண்டாம் என்று நம்புவதுதான் அவர்களுடைய மரியாதை, திரும்பத் திரும்பக் கேட்பது உங்களை நெருக்குவதாக நினைப்பார்கள். பசித்தால் பசிக்கிறது என்று சொல்ல வேண்டும். குளிர்ந்தால் இன்னொரு போர்வை கேட்க வேண்டும். நான் முதல் மூன்று கிழமை சுவெற்றரோடு படுத்தேன், அலுமாரிக்குள் நான்கு போர்வை இருந்தது. பிறகு அந்த அம்மா கண்டுபிடித்து, "நீ சொன்னால்தானே எனக்குத் தெரியும்" என்று கேட்டார். கோபம் இல்லை, கவலைப்பட்டார். எங்களூரில் கேட்காமலே அறிந்து செய்வது அன்பு. அங்கே, கேட்கும் உரிமையை உங்களுக்குத் தருவது அன்பு. இதற்கு எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. உங்களுக்கு ஐந்து நாள் பிடிக்கட்டும்.

அதேபோல, சொல்லாமல் வேலை செய்து நல்ல பெயர் எடுக்கப் பார்க்காதீர்கள். விடிய ஐந்து மணிக்கு எழும்பி நான் வீடு கூட்டினேன். எல்லாரும் விழித்துவிட்டார்கள். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை அங்கே அமைதி நேரம், ஞாயிறு முழுக்க அப்படித்தான். ஞாயிறு கடைகளும் பூட்டு. சனிக்கிழமையே தேவையானதை வாங்கி வையுங்கள்.

கூப்பிடும் முறை இன்னொரு மலை. மரியாதைக்கு "ஸீ", நெருக்கத்துக்கு "டூ". வீட்டார் முதல் நாளே டூ என்று கூப்பிடச் சொல்லி, தங்கள் முதற்பெயரையும் சொல்வார்கள். அம்மாவின் வயதுள்ள ஒருவரைப் பெயர் சொல்லி, நீ போட்டுக் கூப்பிட என் நாக்கு எழும்பவில்லை. இரண்டு கிழமை பெயரே சொல்லாமல், "மன்னிக்கவும்" என்று தொடங்கிச் சமாளித்தேன். கடைசியில் அவர் என்னிடம் கேட்டார், நான் ஏதும் பிழை செய்தேனா என்று. தயங்காமல் கூப்பிடுங்கள். ஆனால் அலுவலகங்களில், வைத்தியரிடத்தில் ஸீதான்.

குளியலறை நிலத்தில் பெரும்பாலும் நீரோடும் வழி இருக்காது. கிணற்றடியில் அள்ளி ஊற்றும் நினைப்பில் குளித்தால் கீழ்வீட்டுக் கூரை நனையும். கண்ணாடிக் கதவை மூடிக் குளித்து, முடிந்ததும் துடைத்துவிட வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் இருக்காது, ஒரு சின்னப் போத்தல் வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். குப்பையை நான்கு ஐந்து தொட்டிகளில் பிரிப்பார்கள். வைப்புக்காசு உள்ள வெற்றுப் போத்தல் ஒன்றுக்குக் கடையில் 25 சதம் வரை திருப்பித் தருவார்கள், எறியாதீர்கள். சமைக்க விரும்பினால் நல்லது, எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் கடுகும் செத்தல் மிளகாயும் தாளிக்க முன்னர் சமையலறைக் கதவைச் சாத்தி யன்னலைத் திறவுங்கள். வீடுகளில் புகை அறிவிப்புக் கருவி கட்டாயம். என் முதலாவது பருப்புக்கறிக்கு அது கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வந்துவிட்டார். பிறகு அவரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஜேர்மனியில் 2000ஆம் ஆண்டிலிருந்து பெற்ற தாய் தகப்பனே பிள்ளைக்குக் கைநீட்டக் கூடாது என்று சட்டம். செல்லமாகக் காதைத் திருகுவதும், "பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகும்" என்று வெருட்டுவதும்கூட வேண்டாம். பிள்ளை சொல் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று தாய் தகப்பனிடம் முதல் கிழமையே கேட்டு வையுங்கள். அவர்கள் வீட்டுக்கு ஒரு வழி இருக்கும்.

வந்து இரண்டு கிழமைக்குள் அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டார் கையெழுத்திட்ட ஒரு படிவம் தேவை. பிறகு வெளிநாட்டவர் அலுவலகம், வங்கிக் கணக்கு. இவற்றைத் தள்ளிப்போட்டால் எல்லாம் தள்ளிப்போகும்.

சத்தங்கள்

இதை வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதத் தேவையில்லை, எங்கள் பிள்ளைகளுக்கு எழுத வேண்டும். மார்கழி 31 நள்ளிரவு ஜேர்மனி முழுக்க வெடி வெடிக்கும். தனியார் வெடி கொளுத்த வருடத்தில் அந்த இரவையும் மறுநாளையும்தான் விடுகிறார்கள், அதனால் ஊரே தெருவில் நின்று கொளுத்தும். எனக்கு 2009இல் பன்னிரண்டு வயது. யன்னலுக்கு வெளியே சத்தம் தொடங்கியபோது கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்தேன், எப்போது இறங்கினேன் என்று தெரியாது. அடுத்த நாள் வீட்டாரிடம் சொன்னேன். முதலே சொல்லியிருந்தால் அன்றிரவு என்னோடு ஒருவர் இருந்திருப்பார். சைரனும் அப்படித்தான். புரட்டாதி இரண்டாம் வியாழன் காலை 11 மணிக்கு நாடு முழுக்கச் சோதனை எச்சரிக்கை, எல்லாப் போனும் அலறும். நாளை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

வீட்டார் யுத்தத்தைப் பற்றிக் கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள், பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில், பிள்ளைகளும் இருக்கும்போது. எவ்வளவு சொல்ல விருப்பம் என்று போகும் முன்னரே உங்களுக்குள் முடிவெடுத்து, அந்த மூன்று வசனத்தை ஜேர்மனில் படித்துக்கொண்டு போங்கள். "இன்றைக்கு வேண்டாம்" என்பதையும் படியுங்கள். இங்கேயும் அந்த ஒரு முறை "வேண்டாம்" உங்களுக்கு உதவும், திரும்பக் கேட்க மாட்டார்கள். ஒரு ஞாயிறு நாங்கள் போகவிருந்த வீதியை மூடியிருந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக் குண்டு ஒன்று கட்டிட வேலையில் வெளிப்பட்டதாம். அங்கே அது அடிக்கடி நடக்கிறது. எங்கள் ஊரிலும் கண்ணிவெடி எடுக்கும் சிவப்புப் பலகை இன்னும் நிற்கிறது என்று சொன்னேன். அந்த வீட்டுத் தாத்தா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தான் சிறுவனாக நிலவறையில் இருந்த கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு அவரோடு எனக்கு இலக்கணப் பிழைக்குப் பயமில்லை.

வீட்டு ஞாபகம்

ஜேர்மனியில் குளிர்காலத்தில் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னால், கோடையில் மூன்றரை. அங்கே மாலை ஆறு மணி என்றால் தை மாதத்தில் அம்மாவுக்கு இரவு பத்தரை. மதிய இடைவேளையில் பேசப் பழகுங்கள். தினமும் பேச வேண்டாம் என்பது என் கருத்து, பலருக்கு இது பிடிக்காது. முதல் இரண்டு மாதம் நான் தினமும் இரண்டு மணித்தியாலம் பேசினேன், என் ஜேர்மன் அங்கேயே நின்றது. தமிழ்க் கடைகள் பல நகரங்களில் உண்டு. ஹம் நகரத்தில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோவில் இருக்கிறது, கோபுரத்தைப் பார்த்ததும் நல்லூர்ப் பக்கம் வந்ததுபோல இருக்கும். தேர் வைகாசி, ஆனிப் பக்கம். அந்த ஒரு நாளுக்குப் போங்கள். ஒவ்வொரு சனி ஞாயிறும் எங்கள் ஆட்களோடுதான் என்றால், கிளிநொச்சியிலேயே இருந்திருக்கலாம்.

சரிவராவிட்டால்

எல்லா வீடும் நல்ல வீடல்ல. முப்பது மணித்தியாலம் ஐம்பதாகும், கைச்செலவு பிந்தும், அறை களஞ்சியமாகும். மணித்தியாலத்தை ஒரு கொப்பியில் நாள்போட்டு எழுதி வையுங்கள், பேச்சு வரும்போது கொப்பி பேசும். முதலில் வீட்டாரிடம் நேரே சொல்லுங்கள், பிறகு உங்களை இணைத்த முகவர் நிறுவனத்திடம். வேறு குடும்பத்துக்கு மாறலாம், அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். கடவுச்சீட்டை யாரிடமும் "பத்திரமாக வைத்திருக்க" கொடுக்காதீர்கள். ஆபத்தென்றால் பொலிசுக்கு 110, அம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 112. தோற்றுப்போய்த் திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் கெட்ட வீட்டில் கிடந்தவர்களை அறிவேன். ஊர் இரண்டு கிழமை கதைக்கும். பிறகு அடுத்த வீட்டுக் கலியாணம் வந்துவிடும்.

திரும்பும்போது

புறப்பட முன்னர் பதிவு அலுவலகத்தில் முகவரியை நீக்கி, வங்கிக் கணக்கையும் போன் ஒப்பந்தத்தையும் மூடுங்கள். போன் ஒப்பந்தத்தைக் கவனிக்காமல் வந்தால் அது உங்கள் பின்னால் ஓடி வரும். வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். பெட்டியில் சொக்லேற்றுக்கு ஐந்து கிலோ ஒதுக்குங்கள், ஒழுங்கையில் எத்தனை பிள்ளைகள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு.

நான் வந்த அன்று மத்தியானம் அம்மா சோறு போட்டார். வயிறு நிறைந்தது, "போதும் அம்மா" என்று ஒரு முறை சொன்னேன். "என்ன பிள்ளை, போதுமாம்" என்று சொல்லி இன்னும் ஒரு அகப்பை போட்டுவிட்டு, சொதியை எடுக்கக் குசினிக்குள் போனார்.